சம்பாலின் எடை

ஜன. 4, ஞாயிறு
மழை. துணி காயவில்லை. முழங்கால் வலி.
சம்பாலைத் தராசில் நிறுத்தேன். 40 கிராம். டிசம்பரில் விரதம் தொடங்கியபோது 43. கிரஸ்டட் கெக்கோ என்று சொல்ல வேண்டுமாம், பல்லி என்றால் தர்ஷினிக்குக் கோபம் வரும். கடல் தாண்டி சபா மாநிலத்தில் படிக்கப் போன மகள், ஹாஸ்டலில் விடமாட்டார்கள் என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஞாயிறுதோறும் எடை அனுப்ப வேண்டும்.
43 என்றே அனுப்பினேன். அவளுக்குப் பரீட்சை நேரம்.

ஜன. 11, ஞாயிறு
37. சமையல் தராசு பழுதோ என்று ஒரு பாக்கெட் சீனி வைத்துப் பார்த்தேன். பழுதில்லை.
காரணம் தெரியாமல் இல்லை. தைப்பூசப் பால்குட விரதம், வீட்டில் உயிர்க்கொலை ஆகாது. உயிரோடு போடும் சிள்வண்டை நிறுத்தினேன். பவுடர் உணவுப் பாக்கெட்டைப் படித்தால் அதிலும் பூச்சித் தூள். அதையும் கட்டி அலமாரி மேல் வைத்தாயிற்று. வாழைப்பழம், பப்பாளி மட்டும்.
வீட்டுக்காரர் லோரியைக் கழுவிக்கொண்டே, "பூனைக்குச் சைவம் சொல்லிக்குடுத்த கதையா இருக்குலா" என்றார்.
சிரிப்பார். போன வருடம் தர்ஷினி டிங்கிக் காய்ச்சலில் ஐ.சி.யு.வில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது நான். பயம் எனக்குத்தான்.
இன்றும் 43.

ஜன. 18, ஞாயிறு
34. இடுப்பெலும்பு இரண்டும் துருத்துகிறது. படம் கேட்டாள். மங்கலாக விழுந்ததையே அனுப்பினேன். "43" என்றும்.
கிளினிக் கவுண்டரில் நாள் முழுக்க ஊரார் எடையைச் சரியாக எழுதுகிறேன். வீட்டில் பொய். வெட்கமாக இருக்கிறது.

ஜன. 20, செவ்வாய்
லீவு போட்டேன். கோலா சிலாங்கூரிலிருந்து பஸ்ஸில் கிள்ளான், மடியில் டப்பா. பக்கத்து சீட் அம்மா கேட்டதற்கு 'பலகாரம்' என்றேன்.
விலங்கு டாக்டர் நம்மாள். "நம்பர மட்டும் பாக்காதீங்கமா. முப்பத்தஞ்சுல நல்லா இருக்கறதும் உண்டு, அம்பதுல நல்லா இருக்கறதும் உண்டு. இது அதோட சொந்த எடையில அஞ்சுல ஒரு பங்க விட்டுருச்சு. வெறும் பழம் பத்தாது. இன்னிக்கே பவுடர் குடுங்க."
விரதம் என்றேன்.
"நீங்கதானே இருக்கீங்க?"
திரும்பும் வழியெல்லாம் அதே கேள்வி.

ஜன. 21, புதன்
நேற்றே பவுடரைக் கரைத்திருக்க வேண்டும். கிண்ணத்தை எடுத்தேன், வைத்தேன். விரதம் கெட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?
காலையில் கூண்டு, பவுடர், எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போனேன். கக் ரோஸ் மலாய்க்காரி, விரதம் அவளுக்கு இல்லை. "காசி சாயா லா", என்னிடம் கொடு என்று கைநீட்டி வாங்கிக்கொண்டாள், ஏன் என்று கேட்கவில்லை. அவள் அடுப்படியில் அவளே கரைத்து வைத்தாள். நான் வாசல் கேட் அருகே நின்றேன். நக்குகிறது என்று உள்ளிருந்து சொன்னாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு அசதி.

ஜன. 25, ஞாயிறு
வெயில். துவைக்க மூன்று வாளி.
கக் ரோஸ் வீட்டில் நிறுத்தோம். 36.
தர்ஷினிக்குப் போன் போட்டு எல்லாப் பொய்யையும் சொன்னேன்.
"தெரியும்மா. போன வாரம் போட்டோ பாத்தப்பவே தெரியும்."
"தெரிஞ்சும் ஏண்டி கேக்கல?"
"கேட்டா பவுடர் குடுத்திருப்பீங்க. அப்பறம் எனக்கு ஒரு தலைவலின்னாலும் விரதம் கெட்டதாலதான்னு அழுவீங்க. சம்பால் போனா போகட்டும்னு இருந்துட்டேன் மா."
பள்ளியில் ஐந்தாம் படிவத்திலிருந்து அவள் கையில் வளர்ந்தது அது. அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டிருந்தாள்.