மூன்றாவது காந்தத்தின் அடியில்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமியார் வீட்டிலிருந்து உன் மச்சான் எழுதுவது. என் சொந்த மாமியாரே இப்படிக் கவனித்ததில்லை. வேளைக்குச் சோறு, வாசலில் காவல். தங்கச்சி அழுதால், "உங்கண்ணன் எப்பவோ செத்துட்டான், செத்தவனை ஜெயில் என்ன பண்ணும்?" என்று சொல். கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்துகிற என் பேட்ஜ் காட்டிய அளவுக்கு நான் உயிரோடு இருக்கவே கூடாதாம். டாக்டர் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் சுத்தம். அப்படியானால் துகள்முடுக்கி மெஷின் ஓடும்போது நானே பேட்ஜைச் சுரங்கத்துக்குள் வைத்து விளையாடினேன் என்று வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.

நம் சூப்பர்வைசர் 'மீசை'யின் கையில் என் பேட்ஜைப் பார்த்ததாக நீ சொன்னாயே, நேராக அவனிடம்தான் போனேன். என் கையில் பெரிய ஸ்பேனர். முதல் அடியில் தாடை போனது. அடுத்தது கண்ணில். "எங்கடா வச்சே?" என்று கேட்டேன். வாயெல்லாம் ரத்தம், "தெரியாதுப்பா" என்றான். விழுந்தவனை விலாவில் உதைத்தேன். அப்போதும் அதே பாட்டு. எங்கே வைத்தானோ, அவனுக்கே வெளிச்சம்.

இனி நீ தனியாகத்தான் சுரங்கத்துக் காந்தங்களின் அடியில் கண்ணாடிக் குச்சிகளைக் கட்ட வேண்டும். மெஷின் தின்கிற கதிரை அளக்கிற குச்சியெல்லாம் கறுத்துப்போகிறது, நம் தலை மட்டும் வெளுக்கிறது. என்ன நியாயமோ.

உன் ஆசை மச்சான்


மார்ச் 19

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கச்சி சாப்பிடுகிறாள், பேசுவதில்லை. உங்கள் இடத்துக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன், கேட்கவில்லை. மீசைக்கு இடது கண் போய்விட்டது. வருத்தப்படாதீர்கள், அவன் செய்ததற்கு இது போதாது. மூன்றாவது காந்தத்தின் அடியில், நம் குச்சிக்குப் பக்கத்திலேயே உங்கள் பேட்ஜைக் கட்டி, மெஷின் ஓடிய நேரம் முழுக்க வேகவைத்திருக்கிறான் பாவி. வக்கீலிடம் பேசுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 27

மாப்பிள்ளை,

உன் கடிதத்தைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். மாசக் கடைசியில் அளக்க எடுத்தபோது என் பேட்ஜ் வழக்கம்போல மாட்டுப்பலகையில்தான் தொங்கியது. அது சுரங்கத்தில் எந்த இடத்தில் வெந்தது என்று ஆபீசுக்கும் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. உனக்கு மட்டும் காந்தத்தின் எண்ணோடு தெரிந்திருக்கிறது. கெட்டிக்காரன். என் இடத்துக்கு ஏற்ற ஆள்தான்.

என்னைப் பார்க்க வரச்சொல்லி மீசைக்கு ஆள் விட்டேன். வந்தான். உன் கடிதத்தை ஒற்றைக் கண்ணால் படித்தான். சிரிக்கப் பார்த்தான், தாடையில் கம்பி கட்டியிருந்ததால் முடியவில்லை. நான் ஜெயில் கம்பிக்கிடையில் முகத்தை நீட்டி, "அடிச்சுக்கோடா" என்றேன்.

"உன்னை எதுக்கு?" என்றான்.

கேஸை வாபஸ் வாங்கிவிட்டான். வியாழக்கிழமை வெளியே வருகிறேன். அவனும் என்னோடு உன் வீட்டுக்கு வருகிறான். ஸ்பேனர் அவன் கையில் இருக்கும். முதல் அடி அவனுடையது என்று பேசிக்கொண்டோம், பாவம், கண்ணைக் கொடுத்தவன். மிச்சம் ஏதாவது இருந்தால் எனக்கு.

தங்கச்சியை அன்றைக்கு வீட்டில் வைக்காதே. கதவுக்குத் தாழ் போடாதே. நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த கதவு, உடைக்க மனசு வராது.

உன் ஆசை மச்சான்