வெள்ளைக் கரைக்குள் போன மீசை

வெள்ளிக்கிழமை இரவு, பெல்மதுளைத் தோட்டம், இலங்கை.

சகலருக்கும் அறியத் தருவதாவது: எங்கள் குடும்பப் படத்தில் என் புது மீசையைக் காணவில்லை, என்னோடு சேர்த்து. கல்யாணமாகி இந்தியாவுக்குப் போன அக்கா பார்க்கத்தான் எடுத்தோம். ஒரு கோடியில் முத்தையா அண்ணன் சிரிக்கிறான். மறுகோடியில் நான் நின்ற இடத்தில் அகலமான வெள்ளைக் கரை. அந்தக் கரையின் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. தந்திரத்தில் என்னை மிஞ்ச இந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. ஆனாலும் அண்ணன் மேல் சந்தேகம் வந்தது.

"படம் புடிச்ச கடைக்கார நானாகிட்ட என்ன சொல்லிக் குடுத்த, அண்ணே?"

"கடைக்கார நானா சாப்பிடப் போனப்ப, படம் பதிஞ்ச கண்ணாடித் தகடுகிட்ட தனியா நின்னது நீதானடா."

நின்றேன். படத்தில் வெள்ளைக் கரை விழுவதற்காகத் தகட்டின் ஓரத்தில் வைத்திருந்த கறுப்புத் தாளை, அண்ணனை மறைக்கத்தான் நகர்த்தினேன். தகட்டில் முகங்கள் கறுப்பாக இருந்ததால் ஆள் அடையாளம் தெரியவில்லை. இடது வலதாகத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது. அக்காவுக்கு என் பெயர்தான் போகிறது.