பீரோவில் கிடந்த டாக்டர் கடிதம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. மாடி வீட்டுத் தையற்காரர் காலி செய்துவிட்டார், மெஷின் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் அப்பாவுக்கு மூட்டுவலி குறையவில்லை, வாய் மட்டும் குறைந்திருக்கிறது. சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். இதைச் சொல்லத்தான் மூன்று தடவை போன் செய்தேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா, கால் வீங்குகிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் அக்காவுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தபோது, மயக்கம் தெளியக் கொஞ்சம் நேரமாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னோம். அது பாதிப் பொய். தொண்டையில் குழாய் விடுவதற்காகத் தசையைத் தளர்த்தும் ஊசி போட்டிருக்கிறார்கள், பத்து நிமிஷத்தில் விட்டுப்போக வேண்டியது அவளுக்கு நாலு மணி நேரம் விடவில்லை. மெஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டது. நடுவில் நினைவு வந்து, பிள்ளை அழுவது காதில் விழுந்தும் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்குத்தான் இப்படி ஆகும், இது பிறவியிலேயே ரத்தத்தில் இருப்பது, கூடப்பிறந்தவளுக்கும் இருக்கலாம், ஒரு ரத்தப் பரிசோதனை போதும், முன்னாலேயே தெரிந்தால் வேறு மருந்து போட்டுவிடுவோம் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னார். உன் பெயருக்கே ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ரத்தத்தில் கோளாறு என்று அவர்கள் காதில் விழுந்தால் போச்சு, கல்யாணம் முடியட்டும் என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன், அந்தக் கடிதத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தவளே நான்தான். கல்யாணம் முடிந்ததும் புதுசாகப் போனவளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்றோம். எங்களுக்குச் சாக்குக்கா பஞ்சம். போன வாரம் அக்கா வந்து, “அவகிட்ட சொல்லிட்டீங்கல்ல?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “சொல்லியிருப்பீங்கன்னு நம்பித்தானே நான் சும்மா இருந்தேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்களே சொல்லுங்க, இல்லேன்னா நான் சொல்லுவேன்” என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், இன்றுவரை பேசவில்லை.

அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கிடைத்த அன்றே உன் டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளையிடமும் சொல், மறைத்ததெல்லாம் போதும். ஆபரேஷன் வேண்டியிருக்காது என்று தள்ளிப்போடாதே, அக்காவுக்கும் கடைசி நாள் வரை அப்படித்தான் சொன்னார்கள். கோபம் வந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும், என் ஆசீர்வாதத்துக்கு இன்னும் ஏதாவது மதிப்பு இருந்தால் அது முழுக்க உனக்கு. பரிசோதனை முடிவு வந்ததும் முதலில் அக்காவுக்குச் சொல். எங்களுக்கு மெதுவாகச் சொன்னால் போதும், உன் பெயர் போட்ட கடிதத்தை மூன்று வருஷம் பூட்டி வைத்தவர்களுக்குக் காத்திருக்கத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா