அரிவாள் சொன்னதும் ஆடு சொன்னதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அதாவது உன் அம்மா நலம், நானும் நலமாகத்தான் இருக்கிறேன் என்று அவள் சொல்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ "என் புல்லு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய், நான் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றியே பேசிவிட்டு அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டேன். குழாய் ஒழுகுவது உண்மைதான், ஆனால் நீ கேட்டது அதையல்ல. எழுதினால் பேச்சை மாற்ற முடியாது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை காலை ஆடு வளர்ப்போர் சங்கத்தில் கூட்டம். சரிவிலுள்ள மேய்ச்சல் நிலம் முழுவதற்கும் மழைக்கு முன் எந்தப் புல்லை விதைப்பது என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன், சோதனைப் பாத்தி போட்டவன், வேறு யார் சொல்வது என்கிறார்கள். அந்தச் சரிவு இப்போதே பாதி சரளைக்கல். இந்த முறையும் புல் வேர் பிடிக்காவிட்டால் மிச்ச மண்ணும் மழையோடு போய்விடும், அப்புறம் ஆட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போக வேண்டியதுதான் என்று பேசிக்கொள்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து ஜன்னல் வரை போகிறேன், திரும்பி வந்து எடை போட்ட புல்கட்டையே மறுபடி தராசில் வைக்கிறேன். முன்னறை முழுக்க உலர்ந்த புல்கட்டுகள்தான். உன் அம்மா, "என்னைக்காவது ஒரு ஆடு கதவைத் தட்டிட்டு நேரா உள்ள வந்து சோஃபால உட்காரப் போகுது, நான்தான் அதுக்குத் தண்ணி கொண்டு வந்து கொடுக்கணும்" என்கிறாள்.

உன் ஆய்வகத்திலிருந்து வந்த புல், இங்கேயே கல்லிடுக்கில் முளைக்கும் சாம்பல் நிறக் குட்டைப் புல், ஒரு பயறுக் கொடி, இந்த மூன்றையும் வேலி போட்டு வளர்த்தேன் அல்லவா, கொடி முதல் வெயிலிலேயே கருகிவிட்டது. உன் புல் இடுப்பு உயரம் வந்தது, வெட்டி உலர்த்தி எடை போட்டபோதெல்லாம் அதுதான் முன்னால் நின்றது. சங்கத் தலைவரை உனக்குத் தெரியும், குரல் பெரிது என்று இடிமுழக்கம் என்பார்களே, அவர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "சார், இதையே போட்டுருவோம், பாக்கறப்பவே எனக்கே மேயலாம்போல இருக்கு" என்றார். உன்னிடம் அன்றே சொல்லியிருப்பேன், இன்னொரு முறை வெட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன், என் குணம்தான் உனக்குத் தெரியுமே.

அந்த இன்னொரு முறைதான் வினையாகிவிட்டது. அரிவாள் மழுங்கியிருந்தது. வீட்டுக்குப் போய்த் தீட்டிவரச் சோம்பல்பட்டு உன் புல்லில் ஒரு தூரைக் கையால் பிடித்து இழுத்தேன், வேரோடு வந்துவிட்டது. மண் இளகியிருக்கும் என்று அடுத்ததை இழுத்தேன், அதுவும் வந்தது. சாம்பல் புல்லை இழுத்தால் தழை மட்டும் அறுந்து கையில் வந்தது, அடி அசையவில்லை. அரிவாள் வெட்டுகிறது, ஆடு இழுக்கிறது, இதைக்கூட யோசிக்காமல் இவ்வளவு நாள் அளந்திருக்கிறேன். அதற்கு மேல் தாங்காமல் இடிமுழக்கத்திடம் போய் ஆடுகளைப் பாத்திக்குள் விடச் சொன்னேன். "இத்தனை நாளா ஆட்டைக் கண்டா கம்பைத் தூக்குனீங்க, இப்ப அழைப்பு வைக்கிறீங்களா?" என்று சிரித்துவிட்டு அனுப்பினார். ஆடுகள் நேரே உன் புல்லுக்குத்தான் போயின, ருசி அதில்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாயங்காலம் வாயில் வேர் தொங்கத் தொங்கத் திரும்பின. உன் பாத்தியில் வெறும் குழிகள். சாம்பல் பாத்தி மொட்டையாக இருந்தது, சொட்டு மழையில்லாமலே இப்போது அடியிலிருந்து துளிர்த்திருக்கிறது.

நான் பாத்தியை அதிகமாகக் கொத்திவிட்டேனோ, மேய விடாமல் இன்னொரு வருடம் வைத்திருந்தால் உன் புல்லும் வேர் இறக்கியிருக்குமோ, எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் ஆடுகள் காத்திருக்காது என்பது மட்டும் தெரியும். குழிகளை இடிமுழக்கமும் பார்த்தார், "ஒரு நாள் மேய்ச்சல்ல என்ன சார் தெரியும்" என்கிறார், உயரம் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. உன் அம்மாவோ, "பிள்ளை உசிரைக் கொடுத்து வளர்த்த புல்லு. பெத்த அப்பாவே எந்திரிச்சு நின்னு வேண்டாம்னு சொல்லணுமா? வேற யாராவது சொல்லட்டுமே" என்றாள். மத்தியானம் பார்த்தால் கூட்டத்துக்கு என்று என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறாள்.

நாளை நான் சாம்பல் புல்லைத்தான் சொல்லப் போகிறேன், பாப்பா. இடிமுழக்கம் குரலை உயர்த்தினால் நான் எப்படி ஆகிவிடுவேன் என்று உனக்குத் தெரியும், சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். அதனால் கூட்டத்துக்குப் போகும் வழியிலேயே இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். உனக்குச் சொன்னதை அங்கே மாற்றிச் சொல்ல எனக்கு வராது.

நீ மனம் தளராதே, கோபம் வந்தால் என் மேல் காட்டு, அம்மாவிடம் கத்தாதே. உன் கை பட்டதெல்லாம் தழைக்கட்டும், நீ நீண்ட நாள் நல்லபடி இரு. அங்கே இனி எந்தப் புல்லை வளர்த்தாலும் எடை போடுவதற்கு முன் ஒரு தூரை நீயே கையால் பிடித்து இழுத்துப் பார், மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா