ஏ வரைக்கும் நீ பாடியது

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்கமாட்டேன். என் பள்ளிக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, "இதுல பாதி நீ பாக்காததுடீ" என்பாய். இதில் இருப்பதெல்லாம் நான் பார்த்ததும் கேட்டதும்தான்.

இன்று காலை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் திடீரென்று நெய் மணம். முன் இருக்கையில் ஒரு அம்மா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு டப்பாவில் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். குழந்தை வாயைத் திறப்பதாக இல்லை. அவர் செல்போனை எடுத்து அதன் முன்னால் பிடித்தார். மஞ்சள் வாத்து ஒன்று ஏணியில் ஏறத் தொடங்கியது. பாடியது நீ. குழந்தை உன்னோடு சேர்ந்து "ஏஏஏ" என்று வாயைத் திறந்ததும், அவர் ஒரு வாய் சோற்றை உள்ளே தள்ளிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இந்தப் பொண்ணு ஏ-வோட நிறுத்திடுச்சுங்க. மிச்ச எழுத்தெல்லாம் எப்ப வரும்னே தெரியல" என்று அவர் அடுத்த இருக்கைக்காரரிடம் சொன்னார்.

சாயங்காலம் வரும் என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சகாயம் அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவர். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. தவக்காலத்தில் நம் ஆட்களும் வைப்பதில்லை. அந்த வெறும் மாதங்களில் ஏதாவது செய்யலாமே என்றுதான் அவர் குழந்தைப் பாட்டு ஆரம்பித்தார். கடை மாடியில் ஜமுக்காளங்களைச் சுவரெல்லாம் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, தெருவில் பஸ் ஹாரன் ஓயும்வரை காத்திருந்து பதிவு செய்வோம். வியர்வையில் உன் பின்னல் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நீ பாடியதைக் கேட்டுக்கொண்டே, திரையின் அடியில் ஓடும் வரியில் ஒவ்வொரு எழுத்துக்கும் நான் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். தட்டினால் அந்த எழுத்து சிவப்பாக மாறும். அதைப் பார்த்துத்தான் குழந்தைகள் கூடவே பாடும்.

வரி தொடங்கும் முன் நீ நன்றாகக் கேட்கும்படி மூச்சு இழுப்பாய். அண்ணன் அதை வெட்டப் பார்ப்பார்.

"வெட்டாதீங்கண்ணே. நான் இழுத்தாத்தான் புள்ளைங்களும் இழுக்கும். இல்லன்னா பாதிப் பாட்டுல தெணறிப் போயிடும்."

"பெரிய வித்துவான் சொல்லிட்டாங்க, வுடு" என்று அண்ணன் வெட்டாமல் விட்டுவிடுவார்.

ஔ வரும்போது என்ன செய்வது என்று நாம் அப்போதே பேசினோம். புத்தகத்தில் தேடி நான் ஔடதம் என்றேன். "மருந்தா? ரெண்டு வயசுப் புள்ளைக்கு ஔடதமாடீ? அதுக்குப் பாலே போதும், போ" என்று நீ ஜமுக்காளத்தின் மேல் உருண்டு சிரித்தாய். ஐ பதிவு செய்வதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்து வந்து, இணையத்தில் உன் பாட்டின் கீழே ஒரு வரியாவது எழுதலாம் என்று திறந்தேன். குழந்தைகள் வீடியோவுக்குக் கீழே யாரும் எதுவும் எழுத முடியாதாம். அதனால் வெளியே யாருக்கும் விஷயம் தெரியாது. அங்கன்வாடிகளுக்கும் செல்போன் கடைகளுக்கும் அண்ணன் பென்டிரைவில் கொடுத்த பாட்டுகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் லேப்டாப்போடு உங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"அக்கா, கோச்சுக்கக் கூடாது. அவ பழைய பாட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குக் குடுத்தேன். ஐ பாட்ட அவ குரல்லயே பாடிடுச்சு. நீங்க சரின்னாத்தான் வெளிய வுடுவேன்."

போட்டார். உன் குரல்தான். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும், "இன்னொரு தரம் போடு சாமி" என்றார்கள்.

"அத்தை, இது அவ பாடுனது இல்லீங்களே" என்றேன்.

"தெரியும் புள்ள."

"மிச்சத்த நான் வேணா பாடுறேன்."

நான் பாடினால் குழந்தைகள் பால் குடிப்பதையே நிறுத்திவிடும் என்று நீ கேலி செய்வாய். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அன்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் அம்மாதான் பேசினார்கள். "அவ பாடுன பழசெல்லாம் எனக்கு மனப்பாடம். அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சே கேக்குறேன். இது புதுசா இருக்கு. இத வேணாம்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

மிச்ச மூன்றையும் செய்துவிடுவதாகச் சொல்லி அண்ணன் மறுபடியும் போட்டார்.

இன்று பள்ளி விட்டதும் ஸ்டுடியோவுக்குப் போனேன். உன் அம்மா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஐ, ஒ, ஓ, ஔ நான்கையும் போட, நான் எழுத்துகளைத் தட்டினேன். நீ மூச்சு இழுக்கும் இடத்தில் என் விரல் தானாக நின்றது. அந்தக் குரல் நிற்காமல் போய்விட்டது. சிவப்பு பின்தங்கி ஓடியது. திரும்பத் திரும்பத் தட்டினேன். ஔடதம் என்ற சொல்லை அந்தக் குரல் சிரிக்காமல் பாடியது.

கடைசியில் அண்ணனிடம் கேட்டேன். "இது கம்ப்யூட்டர் குரல்னு அடியில ஒரு வரி போடலாமாண்ணே?"

"பால் குடிக்கற பாப்பாங்களா அதப் படிக்கும்?"

"அதுங்களோட அம்மா படிப்பாங்க."

அவர் உன் அம்மாவைப் பார்த்தார். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "வேணாம் புள்ள. அதப் போட்டா அவ இல்லன்னு நானே ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரி ஆயிடும். இப்ப எத்தன வூட்டுல அவ இருக்கா தெரியுமா?"

அந்த வரியைப் போடவில்லை. இனியும் கேட்கமாட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

பாட்டுகள் இணையத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இங்கே நெட் மெதுவாகத்தான் போகும். அதுவரை ஜமுக்காளத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளையோ மறுநாளோ பஸ்ஸில் அந்தக் குழந்தை ஐ என்று வாயைத் திறக்கும். அந்த அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். உன் அம்மாவின் ஆசை தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நீ பாடாததை நீ பாடியதாக நினைத்து நாலு நாளில் நானும் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் எனக்காகவும் இங்கே எழுதி வைக்கிறேன்: ஏ வரைக்கும் நீ. ஐ-யிலிருந்து நீ இல்லை.

"ஏறிடுச்சு, வாங்க போவலாம்" என்கிறார் அண்ணன். உன் அம்மா செருப்பைத் தேடுகிறார்கள். அண்ணன் ஒவ்வொரு விளக்காக அணைக்கிறார்.