மூக்கறுபட்ட கிளைடர்

என் சேகர் அண்ணனுக்கு,

நீ போன பிறகு உன் ரிமோட் கிளைடர் விமானத்தை நேற்றுதான் வெளியே எடுத்தேன். ஜெஞ்சாரோம் திடலுக்குத் தனியாகப் போனேன்.

உனக்கு எப்போதும் வின்ச்தான். தரையில் ஒரு மோட்டார், கார் பேட்டரி, திடலின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பும் கயிறு. நீ பெடலை மிதித்ததும் கயிறு ரீங்காரமிட்டபடி சுருளும், கிளைடர் பட்டம்போல ஏறும். உச்சியில் கழன்று விழும் கயிற்றை எடுத்துவர நான் ஓடுவேன். மற்றவர்களெல்லாம் கிளைடர் மூக்கிலேயே சின்ன மோட்டார் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

டயாலிசிஸ் ஆரம்பித்ததும், ஊசி குத்தும் கையால் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். பேட்டரியையும் நானே தூக்கினேன். நீயும் மோட்டார் வையேன் என்று எத்தனை தரம் கெஞ்சினேன்? "அது கிளைடர் இல்ல லா, ஃபேன் மாட்டின பொம்மை" என்றாய். நான் வெயிலில் மயங்கி விழுந்த அன்றும் அதையேதான் சொன்னாய்.

மறுவாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் வைத்து நீயே கிளைடரின் மூக்கை ரம்பத்தால் அறுத்தாய். ஏன் என்று கேட்டேன். நீ ஒரு சின்ன மோட்டாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்தினாய். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அந்த ஞாயிறு கிளைடர் சுலபமாகத்தான் ஏறியது. மோட்டாரை நிறுத்திவிட்டு இரண்டு வட்டம் சுற்றினாய். பிறகு ரிமோட்டை என் கையில் கொடுத்தாய்.

"நீயே ஓட்டு. கயிறு சத்தம் இல்லாம எனக்கு ஒன்னும் தெரியல."

காரில் போய் உட்கார்ந்துகொண்டாய். அதற்குப் பிறகு திடலுக்கு வரவேயில்லை. டயாலிசிஸுக்கும் சோர்வாக இருக்கிறது என்று போகாமலிருக்க ஆரம்பித்தாய். அம்மாவும் நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் கிள்ளான் ஆஸ்பத்திரியில், என் பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டாய்.

கருமாதி முடிந்த பிறகுதான் அம்மா சொன்னார். மூக்கை அறுப்பதற்கு முந்தின ராத்திரி அவரிடம் சொன்னாயாம்: "அவ ஓடுனது போதும்மா. எனக்காக இன்னொரு தடவ விழக் கூடாது."

இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஓடியிருப்பேனே. அந்த மோட்டார் இல்லாமல் இருந்திருந்தால், நீ இன்னும் சில ஞாயிறுகள் இருந்திருப்பாயா?

நேற்று பொத்தானை அழுத்தினேன். ஏறியது. எடுத்துவரக் கயிறு இல்லை. கிளைடர் இறங்கும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.

அடுத்த ஞாயிறும் போவேன் அண்ணா. உன்மேல் இருக்கும் கோபம் தீரும்வரை போவேன். அது தீராது.

உன் ஒரே தங்கச்சி,
சாந்தி