உன் இரத்தம் என்ன சொன்னது?

பதுளை,
10.02.1985

அன்பு மகள் நளீராவுக்கு, உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாட்கள் போகின்றன, படிக்கப் போன இடத்துக் குளிரில் நீ சுகமாக இருக்கிறாயா என்பதுதான் என் கவலை. வாப்பாவுக்கு இருமல் குறைந்து கடைக்குப் போகிறார். தங்கச்சி காமிலாவுக்குத்தான் மறுபடியும் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது, குளிசை குடித்துக் குடித்து முகமும் ஊதிப்போய்விட்டது. லூப்பஸ் என்கிற இந்த நோயை அடக்கி வைக்கலாம், அடியோடு போக்க முடியாது என்கிறார் டொக்டர்.

உன் ஒக்டோபர் கடிதத்தைக் காமிலாதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். உடம்புக்குள் ஆர்.என்.ஏ. என்கிற செய்தி வேண்டாத துண்டுகளோடுதான் முதலில் வருமாம், அவற்றை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பொருத்தினால்தான் உதவுமாம். நான் சட்டை வெட்டித் தைப்பது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அந்த வேலைக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு புரதத்தை நீ ஆராய்கிறாய், இந்த நோயாளிகள் சிலரின் இரத்தம் அதையே எதிரி என்று பிடித்துக்கொள்கிறது, அந்த இரத்தத்தைச் சோதனையில் சேர்த்தால் வெட்டுகிற வேலை நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாய். தன் நோயாலும் ஒரு பிரயோசனம் இருக்கிறதே என்று காமிலா அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

அதே கடிதத்தில், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் இரத்தமும் வேண்டும், உன்னுடையதையே கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். அது என்ன சொன்னது மகள்? பிறகு வந்த கடிதங்களில் பனியும் பஸ்ஸும்தான் இருக்கின்றன. இப்போது அனுப்பிய படத்தில் உன் கன்னம் இரண்டும் மூக்கோரமாகச் சிவந்திருக்கிறது. குளிருக்கு அப்படித்தான் என்கிறார் வாப்பா. காமிலாவுக்கு நோய் தொடங்கி இப்படிச் சிவந்தபோதும் வெயில் என்றுதான் சொன்னார். படத்தை ஒளித்து வைத்தேன், அவள் எடுத்துப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, "ராத்தாக்கும் வந்திருந்தா மறைக்க வாணாமெண்டு எழுதுங்க உம்மா. எந்தக் குளிசைய வெறும் வயித்துல குடிக்கப்படாது, எது தூக்கத்தக் கெடுக்கும், எல்லாம் எனக்குத் தெரியுமே" என்றாள். எனக்கு அழுகை அடங்கவில்லை.

கழுத்தை மூடி உடுத்து, பட்டினி கிடக்காதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைக் கண்போல் காக்கட்டும், என் துஆ எப்போதும் உனக்கு உண்டு. படிப்பு விசயங்களைப் பிறகு ஆறுதலாக எழுது. இந்த முறை ஒரு வரி போதும், உன் இரத்தத்தைச் சேர்த்தபோது அந்த வேலை நின்றதா இல்லையா என்று. நிற்கவில்லை என்றால் தந்தி அடி. நின்றது என்றால் கடிதமாக எழுதி உறைமேல் என் பெயரை மட்டும் போடு, வாப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் உம்மா,
ஸைனப்